வடசென்னையிலிருந்து ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு: முதல் மூன்று ஆண்டுகளுக்கான வழிகாட்டி

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மணலி, எண்ணூர் பக்கத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி., டிப்ளமோ, பி.இ. என்று ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டோ முடித்துவிட்டோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய கம்பெனிகள் உங்கள் கல்லூரிக்கு வருவதில்லை. ஆன்லைனில் விண்ணப்பித்தால் கல்லூரிப் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். அதையும் தாண்டி நேர்காணலில் போய் உட்கார்ந்தால், 'எந்த ஏரியா?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவரின் தொனி மாறுகிறது.

மூலக் கோடை யார் வேண்டுமானாலும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருளைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறோம். அங்கே இந்தக் கேள்விகள் எழுவதில்லை. நீங்கள் அனுப்பிய திருத்தம் டெஸ்ட்டில் தேறுகிறதா, நாளைக்கு இன்னொருவர் படித்தால் புரியுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். செய்த வேலை உங்கள் பெயரோடு, தேதியோடு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகி நிற்கும். வேலை தேடும்போது நீங்கள் காட்டப்போவது அந்தப் பதிவைத்தான்.

அந்தப் பதிவை உருவாக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரே ஒரு நிரல்மொழியை அடிவரை கற்றுக்கொண்டு, அந்த மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு திட்டத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் நிலையாக நில்லுங்கள். ஆறு மாதத்தில் எட்டு மொழி, வேலைக்கு உத்தரவாதம் என்று போஸ்டர் ஒட்டும் சென்டர்களில் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிள்ளைகளை நான் அறிவேன். அந்தப் பணத்தில் பாதியை ஒரு நல்ல லேப்டாப்பில் போட்டிருக்கலாம்.

கருவியும் இடமும்

புது லேப்டாப் தேவையில்லை. ரிச்சி தெருவில் விற்கும் பழைய அலுவலக லேப்டாப்பே போதும். 8 ஜிபி ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும்போதே கடையில் வைத்து ஆன் செய்து, கீபோர்டு, சார்ஜர், பேட்டரி மூன்றையும் சோதித்துவிடுங்கள். அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தால் அதில் லினக்ஸ் வகைகளான டெபியனையோ லுபுன்டுவையோ போட்டு ஆரம்பிக்கலாம். விண்டோஸை வைத்துக்கொண்டும் வேலை செய்ய முடியும். ஆனாலும் லினக்ஸுக்கு மாறச் சொல்வேன். திட்டங்களின் நிறுவல் குறிப்புகள் பெரும்பாலும் லினக்ஸை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

ஒற்றை அறை வீட்டில் டி.வி. ஓடும்போது கவனம் நிற்காது. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம், படிக்கவும் தனி இடம் உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகமும் பகலில் அமைதியாக இருக்கும். நெட் விஷயத்தில், பெரிய திட்டத்தை முதல் முறை இறக்கும்போதுதான் டேட்டா கரையும். அதை வைஃபை இருக்கும் இடத்தில் முடித்துவிட்டால் மீதி வேலைக்கு மொபைல் டேட்டாவே தாங்கும்.

திட்டங்களின் கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்கு தொடங்கும்போது ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். கோட் பங்களிப்பவர்களுக்கு இருபடிச் சரிபார்ப்பை 2023-லேயே அவர்கள் கட்டாயமாக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் போன் தொலைந்தாலோ உடைந்தாலோ கணக்குக்குள் போக முடியாது. அவர்கள் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்துவிடுங்கள். கணக்கின் பெயர் உங்கள் சொந்தப் பெயரையொட்டி இருக்கட்டும். பத்து வருடம் கழித்தும் அதே பெயரில்தான் உங்களைத் தேடுவார்கள்.

எந்த மொழி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இணையத்தில் வரும் 'இந்த வருடம் கற்க வேண்டிய பத்து மொழிகள்' பட்டியல்களை விட்டுவிடுங்கள். எந்தத் திட்டத்தில் வேலை செய்ய ஆசை என்பதை முதலில் முடிவு செய்தால் மொழி தானாக முடிவாகிவிடும். லினக்ஸின் உட்கருவான கெர்னலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் சி மொழியில் இருக்கின்றன. சர்வர்களில் மென்பொருளை ஓட்டும் கருவிகளான டாக்கரும் குபெர்னெட்டிஸும் கோ மொழி. வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ பைத்தான். உலாவியில் ஓடுவது ஏறக்குறைய எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். 2015-ல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட், 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டது. சென்னையில் சம்பள வேலை என்று பார்த்தால் ஜாவாவும் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும்தான் அதிகம் கேட்கப்படுகின்றன.

எதிலும் தனி ஆசை இல்லை, வழி மட்டும் காட்டுங்கள் என்றால் பைத்தானைச் சொல்வேன். எளிது என்பதற்காக அல்ல. பைத்தானை இயக்கும் சிபைத்தான் என்ற மென்பொருளையே நம் பழைய லேப்டாப்பில் சில நிமிடங்களில் கம்பைல் செய்துவிடலாம். ரஸ்ட் கம்பைலரையே கம்பைல் செய்யப் போனால் அதே லேப்டாப் மூச்சுத் திணறும். மொழியின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்க்க வசதி இருக்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல்.

ஒரு மொழியில் தேர்ச்சி என்று நான் எதைச் சொல்கிறேன்? வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கும் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான். நம் ஊர்ப் பெயர் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன்.

'வண்ணாரப்பேட்டை' என்று எழுதி அதில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். விரல் விட்டு எண்ணினால் எட்டு. பைத்தானைக் கேட்டால் 14 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 14. கோ, ரஸ்ட் இரண்டிலும் நீளம் கேட்டால் 42. ஸ்விஃப்ட் மட்டும் எட்டு என்கிறது. எந்த மொழியும் பொய் சொல்லவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 'ணா' என்பது 'ண' ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியீடுகள். புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே இரண்டு. பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது. கோவும் ரஸ்ட்டும் பைட்டுகளை எண்ணுகின்றன, யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஸ்விஃப்ட் மனிதர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது.

இந்த மூன்று விடைகளும் ஏன் என்று சொல்ல முடிந்தால் முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்து, பைத்தான் இந்தச் சரத்தை (ஸ்ட்ரிங்) மெமரியில் எப்படி வைக்கிறது என்று பாருங்கள். 2012-ல் வந்த 3.3 பதிப்பிலிருந்து, சரத்தில் உள்ள மிகப் பெரிய குறியீட்டைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு அல்லது நான்கு பைட் என்று அது தானே தீர்மானிக்கிறது. தமிழுக்கு இரண்டு. இந்த மாற்றத்தை முன்மொழிந்த ஆவணம் பெப் 393. பைத்தானில் நடந்த பெரிய மாற்றங்கள் எல்லாம் இப்படிப் பெப் என்ற முன்மொழிவுகளாக, ஏன் வேண்டும், எந்த வழிகள் கைவிடப்பட்டன என்ற விவரத்தோடு பொதுவில் கிடக்கின்றன. வாரத்துக்கு ஒன்று படியுங்கள். ஒரே நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் கில் என்ற பூட்டை எடுத்துவிட வழி சொன்ன பெப் 703-ஐயும், அது 2024 அக்டோபரில் 3.13 பதிப்பில் சோதனை வடிவில் வந்த கதையையும் படித்தவரிடம் நேர்காணலில் திரெட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவரின் பதிலாக அது இருக்காது.

நமக்குக் கைவந்த இடம்

தமிழ் தெரிந்த புரோகிராமருக்கு உலகில் வேறு யாருக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலான மென்பொருளைச் செய்தவர்களுக்கு உயிர்மெய் எழுத்து தெரியாது. அவர்கள் கண்ணில் படாத பக்குகள் (பிழைகள்) நம் கண்ணில் படும்.

பைத்தானில் உரையைத் தேட உதவும் 're' லைப்ரரியில், 'சொல்லில் வரும் எழுத்து' என்று பொருள்படும் \w+ என்ற அடையாளத்தைக் கொடுத்து வண்ணாரப்பேட்டையைத் தேடச் சொல்லுங்கள். ஒரே சொல்லை வண, ண, ரப, ப, ட, ட என்று ஆறு துண்டாகத் தரும். புள்ளியையும் துணைக்காலையும் அது எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேல் கட்டிய தேடுபொறி, சொல் எண்ணி, ஹேஷ்டேக் பிரிப்பான் எல்லாமே தமிழில் உடைந்துதான் வரும். ரஸ்ட்டின் 'ரெஜெக்ஸ்' லைப்ரரி இதைச் சரியாகச் செய்கிறது.

'கொ' என்ற எழுத்து இன்னொரு சிக்கல். ஒகரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. ஆனால் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாமல், அதாவது நார்மலைஸ் செய்யாமல், ஒப்பிட்டால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. 'கொளத்தூர்' என்று தேடியவருக்கு 'கொளத்தூர்' கிடைக்காமல் போவது இதனால்தான். அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோட் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது, நம் அகராதியில் அது கடைசி மெய். வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் எந்த மென்பொருளும் தமிழ்ப் பெயர்களைத் தப்பாக அடுக்கும்.

இப்படி ஒன்றை நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் கண்டால் விடாதீர்கள். சிறிய, தெளிவான, டெஸ்ட் எழுதக்கூடிய பக் அது. திட்டத்தை நடத்துபவர்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தால் நிஜமாகவே மகிழ்ச்சி. தமிழுக்கென்றே எழுதப்பட்ட திட்டங்களும் இருக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் மொழி. ஓப்பன் தமிழ் என்பது தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் லைப்ரரி. ஒரு மொழி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க விரும்புபவர்கள் எழிலின் மூலக் கோடைத் திறந்து பாருங்கள். எழுத்துப் பிரிப்பான், பாகுபடுத்தி, இயக்கி மூன்றும் ஒருவர் உட்கார்ந்து படித்து முடிக்கும் அளவில் இருக்கின்றன.

திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

தினமும் நீங்கள் பயன்படுத்தும் ஒன்றாக இருக்கட்டும். பயன்படுத்தாத மென்பொருளின் பக் உங்களுக்கு உறுத்தாது, உறுத்தாததில் மூன்று வருடம் உழைக்க முடியாது. திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கடைசி கமிட் (பதிவான மாற்றம்) எப்போது, வெளியாட்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) எத்தனை நாளில் பதில் வருகிறது, புதியவர்களிடம் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்று மூன்றையும் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். தொனி சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய திட்டமானாலும் வேறு பாருங்கள்.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். ஜி.பி.எல். என்றால், அந்த மென்பொருளை மாற்றி மற்றவருக்குக் கொடுப்பவர் மூலக் கோடையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். எம்.ஐ.டி., அப்பாச்சி 2.0 இரண்டிலும் அந்தக் கட்டாயம் இல்லை. எங்கிருந்தோ கோடை எடுத்து ஒட்டும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் திருத்தம்

கோடில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவைதான் இங்கே அதிகம். திட்டத்தை உங்கள் கணக்குக்கு நகலெடுத்து (ஃபோர்க்), கணினிக்கு இறக்கி (குளோன்), அங்கே கட்டி எழுப்புங்கள். அதன் டெஸ்ட்டுகள் அத்தனையையும் ஓடவிடுங்கள். இதற்கே ஒரு வாரம் போகலாம், போகட்டும். நிறுவல் குறிப்பில் எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்களோ அதைக் குறித்து வையுங்கள். குறிப்பு பழையதாகியிருந்தால் அதைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. பழகிய கண்களுக்கு அந்தக் குறை தெரியாது, புதிதாக வந்தவருக்குத்தான் தெரியும்.

பிறகு புகார்கள் பதிவாகும் இஷ்யூ பட்டியலுக்குப் போங்கள். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற அடையாளம் போட்டவற்றுக்குப் போட்டி அதிகம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. யாரோ புகார் சொல்லி, யாரும் உறுதிப்படுத்தாமல் கிடக்கும் பக் ஒன்றை எடுங்கள். அதை உங்கள் கணினியில் வரவழைத்துப் பாருங்கள். வந்தால் எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளைக்கு வருகிறது என்று எழுதுங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள். முந்தைய பதிப்பில் சரியாக இருந்து இப்போது உடைந்தது என்றால் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவே உடைத்தது எது என்பதைப் பத்துச் சோதனையில் காட்டிவிடும். 'இந்தக் கமிட்டிலிருந்துதான்' என்று நீங்கள் எழுதிய அன்றே அந்தத் திட்டத்தில் உங்கள் பெயரை ஒருவராவது நினைவில் வைத்துக்கொள்வார்.

திருத்தம் எழுதும்போது முதலில் டெஸ்ட்டை எழுதுங்கள். திருத்தத்துக்கு முன் அது தோற்க வேண்டும், பின் தேற வேண்டும். ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரே விஷயம். போகிற போக்கில் பக்கத்து வரிகளின் இடைவெளியைச் சரிசெய்யாதீர்கள், படிப்பவருக்கு எது உண்மையான மாற்றம் என்று தெரியாமல் போகும். கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். என்ன என்பதைக் கோடே காட்டிவிடும்.

இங்கிலீஷ் வராதே என்று தயங்குபவர்கள் நிறையப் பேர். என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்ற மூன்றையும் தனித்தனிச் சிறு வாக்கியங்களாக எழுதினால் போதும். அந்தப் பக்கம் படிப்பவர் பிரேசிலிலோ போலந்திலோ ஜப்பானிலோ இருப்பார். அவருக்கும் அது தாய்மொழி இல்லை. நீண்ட மன்னிப்புகளும் 'ரெஸ்பெக்டட் சார்' என்ற விளியும் வேண்டாம், பெயர் சொல்லி எழுதுவதுதான் அங்கே வழக்கம். நம் பிள்ளைகளுக்கு இது வாயில் வருவதற்கே கொஞ்ச நாள் ஆகிறது.

அனுப்பிய பிறகு ரிவ்யூ வரும். இருபது வரி அனுப்பியதற்கு முப்பது குறிப்பு வந்தால் மனம் உடைந்து போகாதீர்கள். பிடிக்காத கோடுக்கு யாரும் முப்பது குறிப்பு எழுத நேரம் செலவழிப்பதில்லை. சம்பளம் வாங்காமல் ஒரு மூத்த புரோகிராமர் உங்கள் கோடை வரி வரியாகப் படிக்கிறார். எந்த சென்டரிலும் காசு கொடுத்து இது கிடைக்காது. சொன்னதைத் திருத்துங்கள், ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் கேளுங்கள். இரண்டு வாரம் பதிலே இல்லை என்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம்.

செய்யக்கூடாத இரண்டு

2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது, டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் திட்டங்களின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்துப் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பிக் குவித்தார்கள். திட்டங்களை நடத்துபவர்கள் வெறுத்துப்போனார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணிக்கைக்காகப் பங்களிப்பு செய்யாதீர்கள்.

இரண்டாவது, இன்றைய பழக்கம். ஏ.ஐ. எழுதித் தந்ததைத் தானே படிக்காமல் அனுப்புவது. இணையத்தில் தரவை அனுப்பவும் இறக்கவும் உதவும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வந்து குவியும் போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் தங்கள் நேரத்தை எப்படித் தின்கின்றன என்று பலமுறை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். புரியாத கோடை விளக்கச் சொல்லி ஏ.ஐ.யிடம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன் இப்படி?' என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இப்போது கேட்கிறார்கள்.

நம்பிக்கை மெதுவாகத்தான் வரும், அதற்கு நியாயமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் கருவியில் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற புரோகிராமர் கண்டுபிடித்தார். வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடித்து, ஓய்ந்துபோயிருந்த ஒற்றை மெயின்டெய்னரிடமிருந்து (திட்டத்தை நடத்துபவர்) பொறுப்பை வாங்கியவர். அதற்குப் பிறகு புதியவர்களை யாரும் அவசரமாக உள்ளே விடுவதில்லை. அதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்களோடு பழகுங்கள்

தனியாக அறைக்குள் செய்தால் ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது, ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும் வழக்கம் உண்டு. பைத்தான்காரர்களுக்குச் சென்னைபை குழு இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது, அங்கே தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கலாம். கூட்டங்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு மாறாமல் ஒரே மெட்ரோ. 2021-ல் அந்த நீட்டிப்பு வந்த பிறகு தூரம் ஒரு காரணமில்லை.

போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டாவது கூட்டத்திலேயே 'நான் ஒரு பக்கைப் பிடித்தேன், பத்து நிமிடம் பேசவா?' என்று கேளுங்கள். வண்ணாரப்பேட்டையின் மூன்று நீளங்களை வைத்தே பேசலாம். பெண்களுக்கு வீட்டில் அனுமதி வாங்குவது தனிப் போராட்டம் என்று தெரியும். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் வீட்டுக்கும் நிம்மதி, பேசவும் துணிச்சல் வருகிறது.

வருமானம்

"இன்னாடா இது, துட்டே வராத வேலைக்கு ராத்திரி பூரா முழிச்சினு கீற?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம். அப்பா துறைமுகத்திலோ காசிமேட்டிலோ பட்டறையிலோ கூலிக்குப் போகிறார் என்றால், இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் பங்களிப்பு செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கிடைக்கும் வேலையில் சேருங்கள். டெஸ்டிங்கோ சப்போர்ட்டோ டேட்டா என்ட்ரியோ, எதுவானாலும். காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு அரை நாள் என்று ஒதுக்கினால் இந்தப் பாதையில் நடக்கலாம். கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

பங்களிப்புக்கே பணம் தரும் வழிகளும் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022-லிருந்து மாணவராக இருக்க வேண்டியதில்லை, 18 வயது நிறைந்த புதியவர்கள் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை நாட்டையும் திட்டத்தின் அளவையும் பொறுத்து மாறும். அவுட்ரீச்சி ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று மாதம், 7,000 டாலர். தொழில்நுட்பத் துறையில் தங்கள் நாட்டில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களுக்கும் குறைவாக இடம்பெறுபவர்களுக்குமான திட்டம் அது. முதல் விண்ணப்பத்திலேயே அதைப் பற்றி எழுதச் சொல்வார்கள். சாதியாலோ, பெண் என்பதாலோ, ஏரியாவாலோ நீங்கள் சந்தித்ததை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். மறைக்க வேண்டிய விஷயமில்லை அது. சம்மர் ஆஃப் கோடில், விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே நீங்கள் விரும்பும் திட்டத்துக்குள் போய்ச் சில திருத்தங்களைச் சேர்த்திருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அவுட்ரீச்சியில், முதல் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு வரும் பங்களிப்புக் காலத்தில் திருத்தங்களை அனுப்ப வேண்டும்.

முழுநேர வேலை என்று வரும்போது, ஓப்பன் சோர்ஸ் எழுதுவதற்கே சம்பளம் தரும் ரெட் ஹேட், கெனானிக்கல், இகாலியா போன்ற நிறுவனங்களில் இடங்கள் குறைவு. பெரும்பாலானோருக்கு நடப்பது வேறு. அந்த மொழியில் பொருள் செய்யும் ஏதோ ஒரு கம்பெனி உங்கள் பதிவைப் பார்த்துக் கூப்பிடும். அதிலும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தால் நமக்குப் பெரிய லாபம். திருவொற்றியூரிலிருந்து சிறுசேரிக்குப் போய்த் திரும்பும் நேரம் மிச்சம், அதில் பாதியைப் படிப்புக்குத் தரலாம்.

ரெஸ்யூமேயில் 'பைத்தான், ஜாவா, சி, ரூபி, கோ' என்று அடுக்காதீர்கள். 'இந்தத் திட்டத்தில் இந்தப் பக்கைத் திருத்தினேன், காரணம் இது, இணைப்பு இது' என்று மூன்று வரி எழுதுங்கள். நேர்காணல் எடுப்பவர் அந்த இணைப்பைத் திறந்தால் உங்கள் ரிவ்யூ உரையாடலையும் படிப்பார். கருத்து வேறுபாடு வந்தபோது எப்படிப் பேசினீர்கள் என்பதும் அதில் இருக்கும்.

வேலை கிடைத்ததும் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் எல்லாக் கோடும் கம்பெனிக்கே சொந்தம் என்ற ஷரத்து பலவற்றில் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, ஓய்வு நேரத்தில் சொந்த லேப்டாப்பில் பங்களிக்க அனுமதி கேட்டு எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையாகச் சரி என்பது போதாது. வெளிநாட்டிலிருந்து பணம் வருவதாக இருந்தால் வங்கிக் கணக்கும் பான் கார்டும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வங்கி, இது எதற்கு வந்த பணம் என்று கேட்கும். ஒப்பந்தக் கடிதத்தின் நகலோடு கிளைக்கு ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டால், அடுத்த மாதங்களில் பணம் நிற்காமல் வரும்.